மானின் குருதியும் நம் கடமையும்

பதினாறாம் தீர்த்தங்கரர் சாந்திநாதருக்கு மானே இலாஞ்சனம். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரர் நேமிநாதரோ, தம் மணவிருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் துறவு பூண்டவர். இவ்விருவரையும் வணங்கும் நாம், காட்டுமானைப் பிடித்துக் குருதி எடுத்து, ஒட்டுண்ணி உளதா எனச் சோதிப்பதை அறமெனக் கொள்வதா, இம்சையெனத் தள்ளுவதா?

முதலில் சோதனையை அறிதல் வேண்டும். ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கினால், உண்ணிகள் பரப்பும் பபீசியா, தைலீரியா போன்ற ஓரணு உயிர்கள் புலப்படும். கடிக்கும் ஈக்கள் பரப்பும் டிரிப்பனோசோமாவை 1880இல் இந்தியாவில் குதிரை, ஒட்டகங்களின் குருதியில் கண்டறிந்தவர் கிரிஃபித் எவான்ஸ். குருதியிலுள்ள எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையும் உண்டு. ஆயின் அது, கிருமி என்றோ வந்து சென்றதையும் இன்று இருப்பதையும் பிரித்துக் காட்டாமற் போகலாம். குடற்புழுவுக்கோ பெரும்பாலும் குருதியே வேண்டா; புழுக்கையில் முட்டைகளைத் தேடினால் போதும். எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலிலும், வேகும் சூளையைத் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே வைத்த மண்கூம்பு வளைவதைத் துளைவழியே கண்டு பதம் அறிவர்.

ஊசியின் நோவு சிறிது. துரத்திப் பிடிப்பதே பெருந்துன்பம். அஞ்சி ஓடிய மானின் உடற்சூடு ஏறி, தசைகள் சிதைந்து, விடுவித்த சில நாளில் அது மாண்டுபோவதும் உண்டு. பிரமாதத்தின் வயப்பட்டு உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்பது உமாசுவாமியின் வரையறை. வேண்டிய அளவை மீறிக் குருதி எடுப்பதும், ஆய்வேட்டுக்கு எண்ணிக்கை சேர்க்கத் துரத்துவதும், முடிவை அலமாரியில் வைத்துவிட்டு மானை மறப்பதும் பிரமாதம் அன்றி வேறென்ன?

புழுவும் உயிரே என்பார் உளர். மெய்தான், ஊறும் சுவையும் உணரும் ஈரறிவுயிர் அது. பரந்த காட்டில் மானும் புழுவும் நெடுங்காலம் உடன் வாழ்கின்றன. புழு இருப்பதாலேயே மான் நோயுற்றதாகாது. சோதனையில் தென்பட்டது என்பதற்காக மருந்திட்டு அழிக்கப் புகுதல் நம் வேலையன்று.

கிண்டியின் நிலை வேறு. 1978இல் தேசியப் பூங்காவான அந்தச் சுமார் 270 ஹெக்டேர் காட்டைச் சூழ்ந்து நகரத்தை எழுப்பியவர் நாம். அங்குள்ள புள்ளிமானும் வெளிமானும் நோய்க்கு அஞ்சி வேறிடம் செல்ல இயலா. அடைபட்ட விலங்குகளிடையே நோய் புகுந்தால் என்னாகும் என்பதை ஒடிசாவின் நந்தன்கானன் காட்டியது. 2000 ஜூலையில் அங்கே டிரிப்பனோசோமா நோயால் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் மாண்டன. நேமிநாதர் பட்டியைத் திறக்கச் செய்தார். நாமோ பட்டியை அடைத்தவர்கள். ஆகவே உள்ளிருப்பவற்றின் நலம் நம் பொறுப்பே.

அதற்கும் துரத்தாத வழிகள் உள. இறந்த மானின் உடலையும், காயத்துக்கு மருந்திட மயக்கிய மானின் சிறிது குருதியையும் சோதிக்கலாம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் 33அ பிரிவு, சரணாலயத்தினுள்ளும் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பு செய்யப் பணிக்கிறது. காட்டோரச் சிற்றூர்களில் நம் சங்கத்தார் கால்நடை முகாம் நடத்தும்போது இதற்குத் துணைநிற்கலாம். மானைத் தொடவே வேண்டியதில்லை.