தொடாமல் நிற்கும் கருணை

நர்சிங் மாணவிகளுக்குப் பேரிடர்ப் பயிற்சி எடுக்கும்போது நான் டோக்கியோவிலிருந்துதான் தொடங்குவேன். 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழு சுரங்க ரயில்களில் சரின் நச்சைக் கசியவிட்டது. முக்தி பேசியவர்கள் செய்த வேலை இது.

செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு அன்று மட்டும் 600 பேருக்கு மேல் வந்தார்கள். போர்க்காலக் குண்டுவீச்சைக் கண்டிருந்த அதன் தலைவர் டாக்டர் ஹினோஹாரா, ஜெபக்கூடத்துச் சுவரில்கூட ஆக்ஸிஜன் இணைப்பு வைக்கச் சொல்லியிருந்தார். ஜெபக்கூடம் வார்டானது. ஆனால் அங்கே காற்றோட்டம் குறைவு. நோயாளிகளின் உடையிலிருந்து எழுந்த நச்சாவி தாக்கி, ஊழியர்கள் பலருக்கும் கண் மங்கியது, தலை வலித்தது. அதனால் உடையை வாசலிலேயே களைந்த பிறகே உள்ளே விட வேண்டும் என்றேன்.

"துடிக்கிறவரை வாசலில் நிறுத்தி உடை களைவது பாவமில்லையா, மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

ஓடிப்போய்த் தொடுவதில் தொடுகிறவளுக்கு ஒரு நிறைவு இருக்கிறது. அதைக் கருணை என்று நான் ஏற்பதில்லை. அவள் விழுந்துவிட்டால் அடுத்து வருகிறவருக்கு யார்? அதேசமயம், கொரோனாக் காலத்தில் முழுக்கவசம் போட்டும் அறைக்குள் போகாமல் நெறிமுறையைக் காட்டித் தப்பித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று எந்தக் கையேடும் சொல்லாது.

அந்த மாணவியிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். சட்டையைத் தலைவழியே உருவாதே, முகத்தில் படும், முன்பக்கம் வெட்டு. வெட்டும்போது என்ன செய்கிறாய் என்று நோயாளியிடம் சொல்லிக்கொண்டே வெட்டு.