யாருடைய கார்?

தன் பொருளைத் தான் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்கிறது சட்டம். மனசு அதை அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்வதில்லை. தாத்தா வைத்துவிட்டுப் போன ஓலைச்சுவடிகளை ஒருவன் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தால் அவனைத் தேடி யாரும் வாரண்டு எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை. ஆனால் தெருவில் நாலு பேர், "அட பாவி!" என்பார்கள். அந்த "அட பாவி"க்குள் ஒரு தர்ம சாஸ்திரமே அடங்கிக் கிடக்கிறது. பொருள் உன்னுடையதுதான், ஆனாலும் முழுக்க உன்னுடையது இல்லை என்று அது சொல்கிறது.

ஓலைச்சுவடிக்குச் சரி. தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய ஒரு மோட்டார் காருக்கும் இது பொருந்துமா? சிரிக்க வேண்டாம். இந்த ஒரு கேள்விக்காக அமெரிக்காவில் ஒரு தாத்தாவும் பேரனும் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள்.

அவர்கள் கதைக்குப் போவதற்கு முன்னால் அவர்களுடைய பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'டிராக் ரேஸ்' என்று பெயர். வளைவு, மேடு, பள்ளம் ஒன்றும் கிடையாது. நேர்கோடு போல ஒரு பாதை. நீளம் கால் மைல், அதாவது 1320 அடி. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். நடுவில் ஒரு விளக்குக் கம்பம். அதை அவர்கள் கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள். 1963-ல் வந்த ஏற்பாடு. மஞ்சள் விளக்குகள் மூன்று அரை வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். பிறகு பச்சை. அவ்வளவுதான், புகையும் இரைச்சலுமாக இரண்டும் பாயும். பத்துப் பதினைந்து வினாடியில் சமாசாரம் முடிந்துவிடும். ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவக்கூட நேரம் போதாது.

யுத்தத்துக்கு முன்பே கலிபோர்னியாவில் காய்ந்த ஏரிப் படுகைகளில் பையன்கள் பழைய ஃபோர்டு கார்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்து திரும்பியவர்களுக்கு வேகமும் தெரியும், யந்திரமும் தெரியும். வீதிகளே பந்தயத் திடல் ஆயின. அதை வீதியிலிருந்து அப்புறப்படுத்தத்தான் 1950-ல் சாண்டா அனா விமான நிலையத்தின் ஓடுபாதையில் இடம் கொடுத்தார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் இதற்கென்று தேசிய சங்கம் ஒன்றை நிறுவினார். அந்தச் சங்கத்தின் முதல் தேசியப் பந்தயம் 1955-ல் கன்ஸாஸ் மாநிலத்துக் கிரேட் பெண்டில் நடந்தது. அதுவும் யுத்த விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பல வருஷங்கள் மோட்டார் பந்தயம் நடந்த இடமும் யுத்தகால ஓடுபாதை என்பது வாசகர்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கலாம். குண்டு போட எழும்புவதற்கென்று போட்ட பாதையில் பிற்பாடு பிள்ளைகள் விளையாடினார்கள். சரித்திரத்தில் இப்படி நல்ல காரியமும் சில சமயம் நடந்துவிடுகிறது.

அதே 1955-ல்தான் செவர்லே கம்பெனி தன் புதிய வி-8 என்ஜினை வெளியிட்டது. 265 கன அங்குலம். அளவில் சிறிது, எடை குறைவு, விலையும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடியது. அந்த வருஷத்துச் செவர்லே கார்கள் சுமார் 17 லட்சம் தயாராயின. தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார், தொழிற்சாலைத் தொழிலாளி எல்லாரும் வாங்கினார்கள். கால் மைலை அது பதினேழு பதினெட்டு வினாடியில் கடக்கும். சந்தைக்குப் போய்வர அதுவே அதிகம். பந்தயக்காரர்களோ அதன் என்ஜினைப் பார்த்த மாத்திரத்தில் இதற்குள் இன்னொரு கார் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

இண்டியானாபொலிஸில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் போயிருந்தபோது அப்படி ஒரு காரைப் பார்த்தேன். "சித்தப்பா, கோவிலுக்குச் சாயங்காலம் போகலாம். முதலில் பக்கத்து வீட்டு ஷெட்டைப் பாருங்கள்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஷெட்டுக்கு உடையவர் லேத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காரை அவருடைய தகப்பனார் 1955-ல் புதிதாக வாங்கினாராம். பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தாயின் மடியில் இவர் வீட்டுக்கு வந்ததே அந்தக் காரின் பின்சீட்டில்தான்.

தகப்பனார் காலமான பிறகு முப்பது வருஷம் அது ஒரு தானியக் கொட்டகையில் கிடந்தது. வெளியே எடுத்தபோது சீட்டுக்குள் எலிக் குடித்தனம். அடித்தகடு துருவேறிப் பொத்தல் பொத்தலாகி, நின்ற இடத்திலிருந்து தரையைப் பார்க்கலாம் என்ற நிலை. பிஸ்டன்கள் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றிவிட்டு வாரக் கணக்கில் காத்திருந்தார். தினம் காலையில் போய் லேசாகத் திருப்பிப் பார்ப்பது, அசையாவிட்டால் திரும்பி வந்துவிடுவது. ஒரு நாள் முடி அளவு அசைந்தது. "அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை" என்றார். ஆறு வருஷம் இந்த வேலை. புழுத்த தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வெல்டிங் செய்து, கதவு கதவாகச் சீர்பண்ணி, பெயிண்டு அடித்து முடித்திருந்தார். டாஷ்போர்டில் மட்டும் ஒரு கறுப்பு வடு. தகப்பனார் சிகரெட்டை வைத்துச் சுட்ட இடம். அதன்மேல் பெயிண்டு போடவில்லை.

காருக்குள் இருந்த என்ஜின் பழையது அல்ல. அதே வம்சத்தில் 1967-ல் வந்த 350 கன அங்குல ரகம் ஒன்றைப் பொருத்தியிருந்தார். பழைய 265 ஷெட்டின் மூலையில் ஒரு தாங்கியின்மேல், படுக்கை விரிப்பு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விரிப்பை விலக்கிக் காட்டினார். எண்ணெய் வடிகட்டி மாட்ட இடமே இல்லாத வார்ப்பு. முதல் வருஷத்து என்ஜினுக்கு அதுதான் அடையாளமாம். பக்கத்து அலமாரியில் கழற்றிய சாமான்கள் எல்லாம் டப்பா டப்பாவாக, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி. ஒரே நாள் உட்கார்ந்தால் பழைய காரைத் திரும்பப் பூட்டிவிடலாம் என்றார். ஒரு நாளில் முடியாதுதான். ஆனால் அவர் நம்பிக்கை அப்படி.

கிரேக்க தேசத்தில் தீசியஸின் கப்பலைப் பற்றி ஒரு பழைய புதிர் உண்டு. புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார். உளுத்த பலகையை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுப் பலகை போட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் இருப்பது அதே கப்பல்தானா? பிற்காலத்தில் தாமஸ் ஹாப்ஸ் இதை இன்னும் சிக்கலாக்கினார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கி இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்? கல்லூரியில் படித்தபோது இது வேலையற்றவர்களின் கேள்வி என்று நினைத்தேன். அந்த ஷெட்டில் இரண்டு கப்பலும் என் கண் முன்னே இருந்தன. பார்த்தபோது, எது நிஜமான கார் என்ற கேள்வி எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இந்தப் பலகைகளுக்கு யார் பொறுப்பு என்பதுதான் மனசில் நின்றது.

அமெரிக்காவில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குக் கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். என்ஜின் எண் ஒத்துப்போக வேண்டும். தொழிலாளி சாக்குக்கட்டியால் போட்ட குறியைக்கூட மறுபடி போட்டுவைப்பார்கள். பிறகு அந்தக் காரை ஓட்டமாட்டார்கள்; இன்னொரு வண்டியின்மேல் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவார்கள். எனக்கு இவர்களிடம் மரியாதை உண்டு, பிரியம் இல்லை. பஞ்சடைத்த புலியைப் பார்ப்பது போலிருக்கிறது. தொழிற்சாலை வாசலில் நின்ற அந்த ஒரு நாளை மட்டும் உண்மை என்று வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் அது உழைத்த வருஷங்களைத் துடைத்துவிடுகிறார்கள். அவர்கள் கையில் கிடைத்திருந்தால் அந்தச் சிகரெட் வடு போயிருக்கும்.

மேலும், மாற்றாமல் வைத்திருப்பது என்பதே ஒரு மயக்கம். 1955-ன் என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்கென்று செய்தது. அந்தப் பெட்ரோலைச் சாலை வண்டிகளுக்கு விற்பது 1996-ல் அங்கே அடியோடு தடையாகிவிட்டது. இப்போதைய பெட்ரோலைக் குடித்து நன்றாக உழைக்க வேண்டுமானால் வால்வு உட்காரும் இடங்களைக் கெட்டியாக்கித் தீர வேண்டும். உலகம் மாறிய பிறகு கார் மட்டும் எப்படி அப்படியே இருக்கும்? இன்னும் முக்கியமானது உயிர். அந்தக் காலத்து ஸ்டியரிங் தண்டு ஒரே இரும்புக் கம்பி. முன்னால் மோதினால் ஈட்டி மாதிரி ஓட்டுகிறவன் மார்புக்கு வரும். மோதினால் மடங்கிக்கொள்ளும் தண்டு 1967 மாடல்களில்தான் அந்தக் கம்பெனியின் கார்களுக்கு வந்தது. பழைமைக்கு விசுவாசம் என்று அந்த ஈட்டியை வைத்துக்கொண்டு பேரனைப் பந்தயத்துக்கு அனுப்புகிறவனை என்ன சொல்வது? கிழவர் அனுப்பவில்லை. தண்டை மாற்றினார், தோள்பட்டி போட்டார், உருண்டால் தலை நசுங்காமல் இருக்க உள்ளே இரும்பு வளையம் வைத்தார். கால் மைலை 11.49 வினாடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் பழைய கார்களுக்குத்தான் சங்கம் அந்த வளையத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தக் கார் அவ்வளவு வேகமில்லை. இருந்தாலும் வைத்தார். காரின் உடம்பில் அவர் புதிதாகப் போட்ட துளைகள் அதற்காகப் போட்டவை மட்டும்தான்.

தகராறு பின்சக்கரத்தில் வந்தது. பேரனுக்கு இருபத்திரண்டு வயது. பதினொரு வினாடிக்குள் ஓட வேண்டும் என்று ஆசை. அதற்கு என்ஜின் பலம் மட்டும் போதாது; பலத்தைத் தரையில் பிடித்துக்கொள்ள அகல டயர் வேண்டும். அகல டயருக்கு இடம் வேண்டுமென்றால் சக்கரத்தை மூடியிருக்கும் உள்தகடுகளை வெட்டி, பின்பக்கத்துச் சட்டத்தையும் அறுத்து உள்ளே தள்ளிப் பற்றவைக்க வேண்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம். ஆனால் அது ஒட்டியதாகத்தான் இருக்கும்.

"முடியாது. நான் இதையெல்லாம் பத்திரப்படுத்துவது பின்னால் வருகிறவனுக்காக" என்றார் கிழவர்.

"பின்னால் வருகிறவன் நான்தானே, தாத்தா?" என்றான் பையன்.

நான் அங்கேதான் இருந்தேன். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? நிலத்தை விற்காதே, வீட்டை இடிக்காதே, சந்ததிக்கு வேண்டும் என்று சொல்கிற எல்லாரும் ஒரு நாள் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். சந்ததி எதிரில் வந்து நின்று, "எனக்கு இது வேறுமாதிரி வேண்டும்" என்கிறது. அவனுக்குப் பின்னாலும் ஒருவன் வருவான் என்று சொல்லலாம், வாஸ்தவம். ஆனால் பிறக்காதவன் சார்பில் பேசக் கிழவருக்கு யார் வக்காலத்து கொடுத்தார்கள்? உள்ளபடி பார்த்தால் அவர் காத்துக்கொண்டிருந்தது பின்சீட்டில் கிடந்த மூன்று நாள் சிசுவை. அது இழிவான காரணம் அல்ல. அதைச் சந்ததி என்ற பெயரில் சொல்ல வேண்டிய அவசியம்தான் இல்லை.

பையன் சொன்னதிலும் ஒரு மூட்டம் இருந்தது. ஜெயிக்க வேண்டுமானால் வெட்டித்தான் தீர வேண்டும் என்றான். அமெச்சூர் பந்தயத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒவ்வொருவனும் தன் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறான். மெதுவான காருக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுத்து முதலில் விடுகிறார்கள். எழுதிக் கொடுத்த நேரத்தைவிடச் சீக்கிரம் ஓடிவிட்டால் தோல்வி! தன் அளவை அறிந்து அதற்கு மேல் போகாதவன் ஜெயிக்கிற பந்தயம் உலகத்தில் வேறு உண்டோ என்னவோ. பதினாலு வினாடிக் கார் பதினொரு வினாடிக் காரைத் தாராளமாகத் தோற்கடிக்கலாம். ஆகவே வெட்டுவது ஜெயிப்பதற்காக அல்ல. முதுகு சீட்டில் அறைந்து ஒட்டிக்கொள்ளும் அந்தச் சுகத்துக்காக. சுகத்துக்காக என்று சொன்னால் நான் இன்னும் அனுதாபத்தோடு கேட்டிருப்பேன்.

என் தீர்ப்பைக் கேட்டால், திரும்பச் சீராக்கக்கூடிய எந்த மாறுதலையும் உடையவன் செய்துகொள்ளட்டும். உயிரைக் காக்கிற மாறுதலைச் செய்யாமலிருப்பது குற்றம். திரும்பச் சீராக்க முடியாததும் உயிருக்கு அவசியமில்லாததுமான காரியத்தை ஆசை சூடாக இருக்கும்போது செய்யக் கூடாது. இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. 1960-களில் இதே மாதிரிக் கார்களைப் பையன்கள் தாறுமாறாக வெட்டிப் பந்தயம் விட்டார்கள். இன்று அந்த வெட்டிய கார்களையே வெட்டோடு சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். அன்றைய நாசவேலை இன்றைய பரம்பரைச் சொத்து! என்றாலும் அவர்கள் வெட்டியது பத்து வருஷத்துப் பழைய வண்டியை. தெருவுக்குத் தெரு கிடந்தது, மலிவாகக் கிடைத்தது. 17 லட்சத்தில் ஒன்றை வெட்டுவதும், துருவும் உடைப்பும் தின்று மிஞ்சியதில் ஒன்றை வெட்டுவதும் ஒரே காரியமா? பிறந்தபோது அந்தக் காருக்கு எந்த மகிமையும் இல்லை. வயதானதால் வந்தது. மனிதர்களிலும் பலருக்கு அப்படித்தான் வருகிறது.

நான் ஊர் திரும்பிய பிறகு அண்ணன் மகன் எழுதினான். தாத்தா ஒரு நாள் காரின் உரிமைப் பத்திரத்தைப் பேரன் பேருக்கு மாற்றி, தகடு வெட்டும் மிஷினையும் அதன் பக்கத்தில் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் பத்திரத்தை எடுத்துக்கொண்டான், மிஷினைத் தொடவில்லை. இன்னும் தொடவில்லை என்று எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். ஒல்லி டயரோடேயே பந்தயத்துக்குப் போய் 13.40 என்று எழுதிக் கொடுத்து 13.37-ல் ஓடித் தோற்றுவிட்டு வந்தானாம். கிழவர் வேலியோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் நேரே வந்து, "கோட்டுக்கு முன்னால் காலை எடுக்கத் தெரியாதா, முட்டாள்!" என்று கத்தினாராம். மூன்று மாதத்துக்கு அப்புறம் அவர்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.