மறைப்பவரெல்லாம் குற்றவாளிகளா?

"ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் ஏன் ஒளிக்க வேண்டும்?" நாம் கைப்பேசியில் எழுதுவதையும் தேடுவதையும், நாம் எங்கே போகிறோம், எவரோடு பேசுகிறோம் என்பதையும் அயலார் நோக்குகின்றனர் என்று எவரேனும் எச்சரித்தால், நம்மவருள் நல்லவர்களும்கூட உடனே கூறும் மறுமொழி இது. கேட்பதற்கு நேர்மையின் குரலாகவே இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இதனைக் கூறியிருக்கிறேன். கூறியதோடு நில்லாமல் அதன்படி நடந்துமிருக்கிறேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர்களுள் பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் இருந்தான். இஷாத் தொழுகை முடிந்ததும் செல்போனும் கையுமாக ஒரு மூலையில் ஒதுங்குவான். எவரேனும் அருகே வந்தால் அதைக் கவிழ்த்து வைத்துக்கொள்வான். எனக்கு ஐயம் பிறந்தது. ஒருநாள் அவனை அழைத்து, போனைத் திறந்து தரச் சொல்லி, அவன் கண்ணெதிரிலேயே அதிலிருந்தவற்றைப் படித்தேன். எல்லாம் அவன் தாயார் எழுதியவை. வெளிநாட்டில் இருந்த தகப்பனார் கடனில் சிக்கியது, நகைகள் அடகுக்குப் போனது, ஊராருக்குத் தெரிய வேண்டாம் என்று அந்த அம்மையார் மகனிடம் மன்றாடியது ஆகிய இவைதாம் அதில் இருந்தன. போனைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று மாலை உடனிருந்த ஆசிரியர் ஒருவரிடம், இரக்கப்பட்டுத்தான், அதனைச் சொன்னேன். ஒரு வாரத்திற்குள் மாணவர்கள் வாயிலெல்லாம் அச்செய்தி உலவியது. அதன் பின்னர் அந்தப் பிள்ளை என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவனிடம் குற்றம் ஏதுமில்லை. மறைக்க வேண்டியது மட்டும் இருந்தது. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை, அறுபது ஆயத்துகளை அரபு இலக்கணத்தோடு பிரித்துக் காட்டத் தெரிந்த எனக்கு, ஒரு பிள்ளையின் கவிழ்ந்த தலை கற்பித்தது.

திருமறை காட்டும் வரிசை

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்திற்கு 'அல்ஹுஜுராத்' என்று பெயர். 'அறைகள்' என்பது அதன் பொருள். நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்து அறைகளுக்கு வெளியே நின்று உரக்கக் கூவி அழைத்தவர்களைக் கண்டிக்கும் வசனம் அதில் உண்டு. அந்த அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில்தான் பிறரைத் துருவி ஆராய்தல் விலக்கப்படுகிறது. 'தஜஸ்ஸுஸ்' என்பது அதற்குரிய அரபுச் சொல். ஒற்றனைக் குறிக்கும் 'ஜாஸூஸ்' என்ற சொல்லும் அவ்வேரிலிருந்து பிறந்ததே.

அவ்வசனம் மூன்று காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாக விலக்குகிறது. முதலாவது, மிகையான ஐயம், இரண்டாவது, துருவுதல், மூன்றாவது, புறம் பேசுதல். நான் செய்தவற்றை இவ்வரிசையில் வைத்துப் பார்த்தபோது என் உள்ளம் நடுங்கியது. ஐயுற்றேன், துருவினேன், அதனைப் பிறரிடம் சொன்னேன். ஒரு படி கூடத் தவறவில்லை. இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. புறம் பேசினால்தான் துருவியது குற்றமாகும் என்று திருமறை கூறவில்லை. கண்டதை எவரிடமும் சொல்லாவிடினும், துருவியதே தனியொரு குற்றமாக நிற்கிறது.

கதவுத் துளை

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லக் கதவின் துளை வழியே ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போது பெருமானார் கையில் தலை வாரும் கோல் ஒன்று இருந்தது. நீர் பார்ப்பது தெரிந்திருந்தால் இதனால் உம் கண்ணைக் குத்தியிருப்பேன் என்னும் கருத்துப்படக் கடிந்த அவர்கள், அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்பதையும் விளக்கினார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. உலகனைத்திற்கும் அருட்கொடையாக வந்த அந்த நாயகம் இத்துணைக் கடுமையாகப் பேசிய இடங்கள் மிகச் சில. எட்டிப் பார்த்தவர் எதையும் திருடவில்லை, பார்த்தார், அவ்வளவே.

கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சியொன்று உண்டு. இரவில் நகர்வலம் வந்த கலீபா, ஒரு வீட்டில் பாட்டொலி கேட்டுச் சுவரேறிக் குதித்தார்கள். உள்ளே மதுவும் மங்கையும் இருந்ததைக் கண்டு வீட்டுக்காரரைக் கண்டித்தார்கள். அவரோ, "நான் செய்தது ஒன்று, தாங்கள் செய்தவை மூன்று" என்ற பொருளில் விடை பகர்ந்தார். துருவ வேண்டாமென்று இறைவன் சொன்னான், துருவினீர். வாயில் வழியே வரச் சொன்னான், சுவரேறி வந்தீர். அனுமதியும் ஸலாமும் இன்றிப் புகவேண்டாமென்றான், அவ்வாறே புகுந்தீர் என்று அவர் எண்ணிக் காட்டினார். கலீபா அவரை விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

அந்த வீட்டில் நடந்தது பாவமே, அதில் ஐயமில்லை. எனினும் உள்ளே பாவம் இருந்தது என்பதால் சுவரேறியது சரியாகிவிடவில்லை. "ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவன்" என்று தொடங்கும் வாதம் இவ்விடத்தில் வேரோடு சாய்கிறது. குற்றமுள்ளவன் வீட்டுக்கே கதவு உண்டென்றால், குற்றமற்றவன் வீட்டுக்கு இல்லாமற் போகுமா?

இன்றைய சுவரேறிகள்

தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' என்னும் செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தம் போனில் ஏற்றியிருந்தனர். அதனைப் பயன்படுத்துவோர் இருக்கும் இடம் பற்றிய விவரங்கள் 'எக்ஸ்மோட்' என்னும் தரகு நிறுவனத்திற்குச் சென்றன என்றும், அந்நிறுவனம் அமெரிக்க இராணுவத்திற்குப் பணியாற்றும் ஒப்பந்தக்காரர்களுக்கு இடவிவரங்களை விற்றது என்றும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' இதழ் வெளியிட்டது. தாங்கள் இராணுவத்திற்கு நேரே விற்கவில்லை என்று செயலியை நடத்தியோர் மறுத்தனர். தரகரோடு கொண்ட தொடர்பையும் துண்டித்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்றுவரும் விவரங்களை அத்தரகு நிறுவனமும் அதன் வழிவந்த நிறுவனமும் விற்கக் கூடாதெனத் தடுத்தது. கஃபாவின் திசையை நாம் கேட்டோம். நாம் நிற்கும் இடத்தை அது வேறொருவருக்குச் சொல்லிற்று!

நியூயார்க் நகரக் காவல் துறை, 2001க்குப் பின்னர்ப் பள்ளிவாசல்களிலும் தேநீர்க் கடைகளிலும் மாணவர் சங்கங்களிலும் ஆள்விட்டு உளவறிந்ததை, 2011இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. அதற்கென அமைந்த தனிப் பிரிவு ஆறாண்டுகளுக்கு மேல் திரட்டிய செய்திகளிலிருந்து ஒரு துப்பேனும் கிடைத்து விசாரணை தொடங்கியதில்லை என்று அத்துறையின் உயர் அதிகாரியே 2012இல் சாட்சியம் அளித்தார். 2014இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பக்கத்தில் அமர்ந்து தொழுபவரை நம்பலாமா என்ற ஐயம் அம்மக்களின் ஸஃப்புகளுக்குள் நுழைந்துவிட்டதே, அதைக் கலைப்பது யார்? மக்களின் மறைவுகளைத் தொடர்ந்து தேடினால் அவர்களைக் கெடுத்துவிடுவீர் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் முஆவியா (ரலி) அவர்களுக்குக் கூறிய எச்சரிக்கை அபூதாவூதில் உள்ளது. அதன் உண்மை இங்கே விளங்குகிறது.

சீனாவின் ஷின்ஜியாங் பகுதியிலோ நிலைமை இதனினும் கொடிது. அங்கே காவல் துறை கையாண்ட செயலியொன்றை ஆராய்ந்த 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அமைப்பு, 51 வகையான இணையக் கருவிகளை அது ஐயத்திற்குரியனவாகக் குறித்து வைத்திருந்ததை 2019 மே மாதம் அறிவித்தது. தணிக்கையைக் கடந்து செல்ல உதவும் வி.பி.என். கருவிகளும், நாம் நாள்தோறும் திறக்கும் வாட்ஸ்அப்பும் அவற்றுள் அடக்கம். கதவைச் சாத்தியதே குற்றம் என்னும் நிலை அது. நம் தலைப்பிலுள்ள கேள்விக்கு 'ஆம்' என்று ஓர் அரசு விடையளித்தால் என்ன நேரும் என்பதற்கு இதுவே சான்று.

இரண்டு மறுப்புகள்

இங்கே அறிவார்ந்த அன்பர் ஒருவர் இரண்டு மறுப்புகளை எழுப்பலாம். அவற்றைத் தட்டிக் கழிப்பது முறையன்று.

"இறைவன் எல்லாவற்றையும் பார்க்கிறான் என்று நம்பும் முஸ்லிமுக்கு, மனிதன் பார்ப்பதில் என்ன அச்சம்?" என்பது முதலாவது. இறைவன் 'ரகீப்', அதாவது கண்காணிப்பவன் என்பது நம் ஈமான். ஆனால் அவன் அடியாரின் குறைகளை மூடி மறைப்பவனும் ஆவான். அவன் பார்வை எண்ணத்தையும் அறியும். மனிதன் பார்வை ஒரு துணுக்கைக் கண்டு முழுமையென்று முடிவு கட்டும். அவன் கண்டும் மறைக்கிறான். மனிதனோ கண்டதை எழுதி வைக்கிறான், விற்கிறான், பின்னொருநாள் எடுத்துக்காட்டி அச்சுறுத்துகிறான். ஆதலால் எல்லாரையும் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று புறப்படும் மனிதன், இறைவனின் பண்புகளுள் ஒன்றை மட்டும் திருடிக்கொண்டு, அதனோடு இணைந்த கருணையை விட்டுவிடுகிறான்.

"நாட்டுக்குத் தீங்கு சூழ்வோரை அரசு எவ்வாறு கண்டுபிடிக்கும்?" என்பது இரண்டாவது. இதற்கு விடை ஹாத்திப் (ரலி) அவர்களின் கடிதத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா நோக்கிப் புறப்படும் திட்டத்தைக் குறைஷிகளுக்கு அறிவித்து அவர்கள் ஒரு பெண்மணியிடம் கடிதம் கொடுத்தனுப்பினார்கள். இறையறிவிப்பால் அதனை உணர்ந்த நாயகம் (ஸல்) அவர்கள், அலீ (ரலி) முதலானோரை அனுப்பி, 'ரவ்ளத்து காக்' என்னுமிடத்தில் அதைக் கைப்பற்றச் செய்தார்கள். ஆகவே கடிதத்தை எடுத்துப் படித்தல் எந்நிலையிலும் கூடாதென்று நாம் வாதிடவில்லை. ஆனால் அங்கே ஆபத்து உறுதியாகத் தெரிந்திருந்தது. ஆள் இன்னார் என்று தெரிந்திருந்தது. தேடியது ஒரே ஒரு கடிதம். அவ்வழியே சென்ற ஒட்டகங்களையெல்லாம் நிறுத்திச் சோதிக்க ஆணை பிறக்கவில்லை. எழுதியவரை அழைத்து அவர் தரப்பைக் கேட்டார்கள். பத்ருப் போரில் பங்கு கொண்டவர் என்பதை நினைவூட்டி மன்னிக்கவும் செய்தார்கள்.

கோடிக்கணக்கான மக்களின் தொலைபேசித் தொடர்புகளை ஒட்டுமொத்தமாக அமெரிக்க உளவுத்துறை திரட்டி வந்தது 2013இல் எட்வர்டு ஸ்னோடன் என்பவரால் வெளியானதே, அதில் இந்நான்கில் எது இருந்தது? நம் நாட்டிலும், அந்தரங்கம் அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமையில் அரசு தலையிடுவதாயின் சட்டமும், தக்க நோக்கமும், அளவும் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆடுகள் அழித்த சுவடு

ஹிஜ்ரத்தின்போது நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தவ்ர் குகையில் தங்கியிருந்தனர். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் இரவில் செய்தி கொண்டு வருவார். அவர் திரும்பிச் சென்ற வழியே ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) தம் ஆடுகளை ஓட்டிச் சென்று காலடிச் சுவடுகளை அழிப்பார். இறைவனே துணையென்று முழுதும் நம்பிய அந்த இருவர், சுவட்டை அழிக்கும் ஏற்பாட்டையும் விடவில்லை. தவக்குலுக்கு அது குறைவென்று எவரும் கருதியதுமில்லை.

இன்றைய இணையத்தில் அந்த ஆடுகளின் வேலையைச் செய்யும் கருவிகள் சில உண்டு. செய்தியை அனுப்புவோரும் பெறுவோரும் அன்றி வேறெவரும் படிக்க இயலாதபடி பூட்டுவது ஒருவகை. வாட்ஸ்அப் 2016 முதல் இவ்வாறு பூட்டியே அனுப்புகிறது. எனினும் எவர் எவரோடு எப்போது தொடர்பு கொண்டார் என்ற செய்தி அப்பூட்டுக்குள் அடங்குவதில்லை. 'டோர்' என்பது மற்றொரு வகை. ஒரு கடிதத்தை ஒன்றனுள் ஒன்றாக மூன்று உறைகளில் இட்டு மூவர் கைவழியே அனுப்புவதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் தமக்குரிய உறையை மட்டும் பிரிப்பர். தமக்குத் தந்தவரையும் தாம் தர வேண்டியவரையும் அறிவாரேயன்றி, தொடக்கமும் முடிவும் சேர்த்து அறிய மாட்டார். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் தோன்றிய இம்முறை 2002இல் பொதுமக்களுக்கு வெளியானது. வி.பி.என். என்பதோ நம் போக்குவரத்தை ஒரு சுரங்க வழியே கொண்டு செல்வது. அதனால் மற்றவர் கண்ணுக்கு மறைவோம், ஆனால் சுரங்கக்காரர் கண்ணுக்குத் தெரிவோம். எனவே அங்கே ஐயம் தீரவில்லை, அமானிதம் கைமாறுகிறது. இந்தியாவில் அத்தகைய சேவை நடத்துவோர் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணை பிறந்ததையும், அதனை ஏற்காத சில நிறுவனங்கள் தம் கருவிகளை இங்கிருந்து அகற்றிக்கொண்டதையும் பயன்படுத்துவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

மறைகுறியெழுத்து நமக்கு அயலானதுமன்று. கிறிஸ்துவுக்குப் பின் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தி, ஒரு மொழியில் எவ்வெழுத்து எத்தனை முறை வருகிறதென எண்ணி மறைகுறியை விடுவிக்கும் வழியை எழுதி வைத்தார். அத்துறையில் இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழைய நூல் அதுவே.

இக்கருவிகளை வைத்திருப்பது ஆகுமா? வழிகளுக்கு அவற்றின் நோக்கத்திற்குரிய சட்டமே பொருந்தும் என்பது ஃபிக்ஹுக் கலையின் விதி. கொடுங்கோலுக்குத் தப்புவோரும், வீட்டுச் செய்தியைக் காப்போரும், தடுக்கப்பட்ட உண்மையைத் தேடிப் படிப்போரும் கையாளும் இதே கருவியை மோசடிக்காரனும் விலக்கப்பட்டதை நாடுவோனும் கையாளலாம். முன்னவருக்கு ஆகும், பின்னவருக்கு ஆகாது. ஒன்றை மட்டும் நம் இளைஞர்கள் மறக்கலாகாது. இத்திரைகளெல்லாம் படைப்பினங்களின் பார்வையைத் தடுப்பவை. படைத்தவனுக்கு முன் தொங்கவிடத்தக்க திரை எதுவும் எவரிடமும் இல்லை.

நம் வீட்டுக்குள்

அமெரிக்காவையும் சீனாவையும் பேசிவிட்டு நம் வீட்டை மறந்துவிடலாகாது. மனைவி உறங்கும்போது அவள் போனைத் திறக்கும் கணவனும், கணவன் குளிக்கும்போது திறக்கும் மனைவியும், மருமகளின் செய்திகளைப் படிக்கும் மாமியாரும் சுவரேறுவோரே. பெற்றோர்க்குப் பிள்ளைகள் மீது பொறுப்புண்டு. சிறுவனுக்கு எதைக் கொடுப்பது, எந்நேரத்தில் கொடுப்பது என்று வரையறுப்பது அவர் கடமை. ஆனால் வெளிப்படையாக விதித்த வரையறை வேறு. திருட்டுத்தனமாகத் துருவுதல் வேறு. மது அருந்தியதாக ஒருவரைத் தம்மிடம் கொண்டு வந்தபோது, துருவுவது நமக்கு விலக்கப்பட்டது. வெளிப்பட்டால் நடவடிக்கை எடுப்போம் என்ற கருத்தில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கூறியது வீட்டுத் தலைவருக்கும் பொருந்தும். ஒருவர் நம்மிடம் சொல்லும்போது அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தாலே அப்பேச்சு அமானிதமாகிவிடும் என்பது நபிமொழியின் கருத்து. நம்பி அனுப்பிய படத்தை ஒரு விரல் அசைவில் நூறு பேருக்கு அனுப்புகிறோமே, அதை எந்தப் பூட்டு தடுக்கும்?

அந்த மாணவன் ஓதி முடித்துப் புறப்பட்ட நாளில் அவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஹஜ்ரத்" என்றான். பெருந்தன்மையோடுதான் சொன்னான். ஆனால் சொல்லும்போதும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். துருவியவன் தவ்பாச் செய்யலாம்; துருவப்பட்டவனுக்குப் போன கதவை மீண்டும் பொருத்திக் கொடுக்க அவனால் ஆவதில்லை.

எங்கள் மறைவுகளை மறைத்தருளும் நாயனே! பிறர் மறைவுகளினின்று எங்கள் கண்களைக் காத்தருள்வாயாக. ஆமீன்.