கடலில் தாழும் முட்டை

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் விஞ்ஞானப் பெட்டிகளிலும் செயல்நூல்களிலும் அடிக்கடி வருகிற ஒரு பரிசோதனை உண்டு: நல்ல தண்ணீரில் முட்டை தாழும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். திருகோணமலைப் பிள்ளை உப்புக்கு அலைய வேண்டியதில்லை; உள்துறைமுகக் கரையில் ஒரு வாளி அள்ளினால் போதும். ஆனால் அன்றிட்ட முட்டையை அந்த வாளிக்குள் விட்டால் அது நேரே அடிக்குப் போய்விடும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில் மாரி காலத்தில் அதுவும் குறையும். புதிய முட்டையைத் தூக்கிவிட லீற்றருக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டும். நிலாவெளிப் பக்கத்து உப்பளப் பாத்தியில், நீர் வற்றி உப்புப் பூக்கும் தறுவாயில், அதே முட்டை மிதக்கும். பெட்டிக்குள் அளந்து வைத்த உப்புப் பொட்டலம் இந்தத் தொல்லையை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. கொட்டு, மிதக்கும், கை தட்டு. எந்தப் பெட்டியை வாங்குவது என்பது கடைக்காரரிடம் கேட்டு முடிக்கிற சங்கதி போலத் தோன்றினாலும், பிள்ளை எதை அறிவு என்று எண்ணி வளர வேண்டும் என்ற கேள்வி அதற்குள் கிடக்கிறது. நம் தத்துவ நூல்கள் அதை அளவை என்ற பெயரில் நெடுங்காலம் விசாரித்திருக்கின்றன.

அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பதி, பசு, பாசம் பற்றி விரித்துப் பேசும் முன்பே அளவையை எடுத்துக்கொள்கிறார். எதைக்கொண்டு அறிகிறோம் என்று முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் முறை. பிறர் அளவைகளைப் பத்து வரை எண்ணியதைச் சொல்லி, எல்லாம் காட்சி (நேரே காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். கண்ணில் பட்டதையெல்லாம் அவர் காட்சி என்று ஒப்புக்கொள்வதில்லை. ஐயமும் திரிவும் நீங்கியதே காட்சி. தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்று துணிவது திரிவு. இதை முட்டையின்மேல் வைத்துப் பார்க்கலாம். பெட்டி மூடியில் அச்சிட்டிருக்கும் விடை உரை. அதைப் படித்துவிட்டு, அளந்து தந்த உப்பைக் கொட்டி, மிதக்கக் கண்ட பிள்ளைக்குக் கிடைத்ததும் உரைதான், காட்சியின் வேடத்தில். ஐயம் எழவே இடம் வைக்காமல் ஐயம் நீங்கியது என்று எப்படிச் சொல்வது? வாளிக் கடல்நீரில் முட்டை தாழக் கண்ட பிள்ளையோ ஐயத்தில் மாட்டிக்கொண்டது. முட்டையில் கோளாறா, உப்புப் போதவில்லையா, புத்தகம் பிழையா? கரண்டி கரண்டியாக உப்பைக் கூட்டி, எத்தனையாவது கரண்டியில் முட்டை அசைந்தது என்று எண்ணத் தொடங்கினால் கருதலுக்கு வந்துவிடும். பழைய முட்டை நல்ல தண்ணீரிலேயே மிதக்கும் என்ற குசினி அறிவு அந்த நேரம் பார்த்துக் குறுக்கே வந்து நிற்கும். நிற்கட்டும்.

ஆகவே ஒரு பெட்டியைத் தெரிவு செய்ய ஒரே ஒரு தேர்வு போதும் என்பேன்: பிள்ளை எதிர்பார்த்ததை அது மறுக்குமா? இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்திய மரியா மொண்டிசோரி தம் கற்றல் பொருள்களை இப்படித்தான் அமைத்தார். பிழையான குழியில் உருளை பொருந்தாது. திருத்த ஆசிரியர் தேவையில்லை. கடைகளில் நன்றாக விலைபோகும் எரிமலைப் பெட்டி இந்தத் தேர்வில் தோற்கும். வினாகிரியும் சோடாவும் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு பொங்கத்தான் செய்யும்; உருகிய பாறைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. திருகோணமலை மாவட்டத்தில் அதனால் ஒரு தனிக் கேடும் உண்டு. அதைக் கண்ட பிள்ளை இங்குள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் அடியில் எரிமலை என்று துணிந்துவிடலாம். அங்கே எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கு சூடேறி மேலே திரும்புகிறது.

சாதாரண வெப்பமானி தேறிவிடும் (பாதரசம் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும்). கன்னியாவின் ஏழு கிணறுகளும் அருகருகே இருந்தும் சூட்டில் வேறுபடுகின்றன. கையை விட்டுப் பார்த்து வரிசைப்படுத்தச் சொன்னால் ஆளுக்கொரு வரிசை வரும். கூடிய சூட்டிலிருந்து எடுத்த கைக்கு இளஞ்சூடு குளிராகப் படும். கை செய்யும் திரிவை வெப்பமானி காட்டிக்கொடுக்கும். சமயத் தரப்பிலிருந்து தடை எழுவதும் இங்கேதான். கன்னியா, தாயின் இறுதிக் கடனுக்காக இராவணன் வாளால் குத்திய இடம் என்பது ஐதீகம். இன்றும் அந்தியேட்டிக்கு அங்கே போகிறார்கள். அந்த நீரில் பிள்ளைகளை வெப்பமானி விடச் செய்தால் நம்பிக்கை கரையாதா? தடையை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஐதீகத்தை நிலவியல் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருந்தால் ஒருநாள் மோதல் வரும். அதற்கு வெப்பமானியைப் பழிக்க முடியாது. ஆனால் கதை பேசுவது பிள்ளை பெற்றவளுக்குப் பட்ட கடனைப் பற்றி. அந்தக் கடன் எத்தனை பாகை என்று எந்தக் கருவியும் சொல்லாது, சொல்ல முன்வருவதும் இல்லை. சித்தாந்தம் உரையைப் போற்றுவது புலனும் ஊகமும் எட்டாத இடத்துக்காக. கைக்கெட்டும் தண்ணீரின் சூட்டுக்கு ஆகமத்தைச் சாட்சிக்கு அழைப்பது ஆகமத்துக்கு மரியாதை ஆகாது. மற்றச் சமயங்களின் அறிவு மரபிலும் இதற்குத் துணை உண்டு. மணிமேகலை சொல்லும் பௌத்த அளவை இரண்டுதான், காட்சியும் கருதலும். 11ஆம் நூற்றாண்டில் ஒளியைப் பற்றிப் பெருநூல் செய்த இப்னு அல் ஹைதம், முன்னோர் எழுதியதை அப்படியே நம்பாமல் சோதிப்பவனே உண்மையைத் தேடுபவன் என்று கருதினார். இருட்டறைக்குள் துளை வழியே வரும் ஒளியை ஆராய்ந்தார். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு சப்பாத்துப் பெட்டி, ஒரு குண்டூசித் துளை, எண்ணெய் தடவிய கடதாசி போதும். துறைமுகத்துக் கப்பல் அதில் தலைகீழாக விழும். எந்தப் பிள்ளையும் எதிர்பாராதது அது.

இதைவிட வலுவான தடை இன்னொன்று. நூற்றாண்டுகள் பாடுபட்டுக் கண்டதையெல்லாம் பத்து வயதுக்குள் திரும்பக் காணச் சொல்வது நடக்கிற காரியமா? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடுகிற வகுப்பில் தாழ்ந்த முட்டையோடு மன்றாட நேரம் ஏது? இந்தியாவில் ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இப்படி ஒரு திட்டம் தொடங்கியது. மலிவான பெட்டி, பிள்ளை தானே செய்து தானே எழுதும் முறை, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் பரீட்சை. 30 ஆண்டு நடந்தபின் 2002இல் மத்தியப் பிரதேச அரசு அதை நிறுத்தியது. பரீட்சை முறையையும் சேர்த்து மாற்றிய திட்டமே நிலைக்கவில்லை என்றால், பரீட்சையை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் வாங்குவதில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாதுதான். எல்லாவற்றையும் கையால் அறிய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் உரையாகத்தான் வைத்திருக்கிறோம். நான் கேட்பது குறைவு. ஆண்டுக்கு மூன்று நான்கு பொருள்களையாவது பிள்ளை ஐயத்திலிருந்து காட்சி வரை தானே நடந்து போகட்டும். அப்படி நடந்த பிள்ளைக்குத்தான், மற்றதைச் சொன்னவர் எவ்வளவு தூரம் நடந்திருப்பார் என்று விளங்கும்.

பணம் ஒரு தடையே அல்ல. உலகப் போரில் இடிந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ வெளியிட்ட சிறுநூல்தான் வளர்ந்து 1956இல் விஞ்ஞானம் கற்பிப்பதற்கான மூலநூலாக வந்தது. தகரப் பேணியும் போத்தலுமே அதன் ஆய்வுகூடம். போரையும் 2004 சுனாமியையும் கண்ட மாவட்டத்துக்கு அது அந்நியமான யோசனை இல்லை. வெப்பமானியை விட்டால், காசு கொடுத்து வாங்க வேண்டியது நல்ல காந்தம் ஒன்று. விழுங்க முடியாத அளவில் இருக்க வேண்டும். வலுவான சிறு காந்தங்கள் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் பிடித்துத் துளைத்துவிடும். மணலைக் காந்தம் இழுக்காது என்று படித்த பிள்ளைக்குப் புல்மோட்டைக் கறுப்பு மணல் ஒரு கை கொடுக்கலாம். சாதாரணக் காந்தத்தில் சில மணிகள் ஒட்டும், வலுவானதில் மீசை மீசையாக ஒட்டும், வெள்ளை மணிகள் ஒட்டவே மாட்டா. அது இல்மனைற்று, இரும்பும் தைத்தானியமும் சேர்ந்தது என்பதை ஆசிரியர் அன்றே சொல்லிவிடத் தேவையில்லை. ஒரு கிழமை மணலும் காந்தமும் மேசையில் கிடக்கட்டும்.