கெத்செமனேயில் எழுந்த கேள்வி

மகான்களைப் போற்றுவது எளிது; அவர்கள் காட்டிய வழியில் நடப்பது அரிது. இதைச் சிந்திப்பதற்கு நாம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்தும் உதவி கிடைக்கிறது.

1970-ஆம் ஆண்டு ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ என்னும் இசைத்தட்டுத் தொகுப்பு வெளிவந்தது. ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைக்க, டிம் ரைஸ் பாடல்களை இயற்றினார். இருவரும் அப்போது இருபது வயதுகளில் இருந்த இங்கிலாந்து இளைஞர்கள். ஏசுநாதரின் இறுதி ஏழு நாட்களை, ராக் இசையில் அமைந்த பாடல் நாடகமாக அவர்கள் படைத்தனர். மேடையேற்ற ஆதரவு கிடைக்காததால் அது முதலில் இசைத்தட்டாக வந்தது. 1971-இல் நியூயார்க்கில் மேடையேறியபோது, அது தெய்வ நிந்தனை என்று அரங்கின் வாசலில் எதிர்ப்பு எழுந்தது.

இந்நாடகத்தில் முதலில் பாடுபவன் யூதாஸ். மக்கள் போதனையை மறந்து, போதித்தவரையே கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள் என்பது அவனது குறை. இறந்த பின்னரும் அவனது குரல் ஒலிக்கிறது: மக்கள் சொல்வதுபோல் நீர் தெய்வம்தானா என்று அது வினவுகிறது.

கேள்வி கேட்பது பாவமன்று. நசிகேதன் யமதர்மனையே கேட்டான். நரேந்திரர் தம் குருதேவரைப் பலமுறை சோதித்தார். ஆனால் நரேந்திரர் ஐயத்துடனேயே குருவின் அருகில் இருந்தார். யூதாஸோ ஐயத்துடன் விலகிச் சென்று, முப்பது வெள்ளிக்காசுக்கு விலை பேசினான். பிழை கேள்வியில் இல்லை. விடைக்காகக் காத்திருக்க மறுத்ததில் இருக்கிறது.

அதே நாடகத்தில் ஏசுநாதரும் கேட்கிறார். கெத்செமனே தோட்டத்தின் இரவில், தாம் ஏன் இறக்க வேண்டும், அதனால் விளையும் பயன் என்ன என்று பரமபிதாவிடம் மன்றாடுகிறார். விளக்கம் எதுவும் வரவில்லை. ஆயினும் இறுதியில் இசைகிறார். விவிலியத்திலும் அவர் துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலுமாறு வேண்டி, பின்பு பிதாவின் சித்தத்திற்கே தம்மை ஒப்படைத்தார் என்று காண்கிறோம்.

சரணாகதி என்பது கேள்விகளே எழாத மனநிலை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. விளக்கம் கிடைத்த பின் இணங்குவது அறிவின் செயல்; விளக்கம் கிடைக்காதபோதும் இறைவனை விட்டு அகலாதிருப்பதே சரணாகதி.

அத்தோட்டத்தில் வேறு மூவரும் இருந்தனர். விழித்திருக்குமாறு கூறப்பட்ட பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரும் உறங்கிவிட்டனர். அன்பர்களே, நம் நிலை பெரும்பாலும் இவர்களுடையதே. நாம் யூதாஸைப்போல் காட்டிக்கொடுப்பதில்லை, ஆனால் உறங்கிவிடுகிறோம். ஜயந்தி விழாவில் ஆரவாரம் செய்கிறோம். மறுநாள் விடியலில் ஜபத்திற்கு எழுவதில்லை. குருவின் படத்திற்கு மாலை சூட்டுகிறோம். அவர் விடச் சொன்ன கோபத்தை விடுவதில்லை. போதனையை விட்டுப் போதித்தவரைக் கொண்டாடுகிறோம் என்ற குற்றச்சாட்டு அப்போது நம்மையும் தீண்டாதா?

1886-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஓரிரவு. ஆண்ட்பூரில் துனி நெருப்பின் முன் அமர்ந்து நரேந்திரர் ஏசுநாதரின் வாழ்க்கையை எடுத்துரைத்தார். கேட்ட இளம் சீடர்கள் பாராட்டிவிட்டுக் கலையவில்லை. துறவு வாழ்வை ஏற்பதென உறுதி பூண்டனர். அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பதைப் பின்னரே உணர்ந்தனர்.

போற்றுதல் செயலாக மலர்ந்த அந்த விழிப்பை நமக்கும் அருளுமாறு இறைவனைப் பிரார்த்திப்போமாக!