சமயச் சட்டமும் சட்டப் படிப்பும்

ஒரு சமயத்தின் சட்டத்தை முறையாகப் படித்தவர், அந்தச் சமயத்தை ஏற்காமலே அதன் நீதிமன்றத்தில் வழக்காடலாமா? மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சட்டப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் தமிழ் மாணவரையும் தொடும் கேள்வி இது. இஸ்லாமியச் சட்டப்படி இயங்கும் ஷாரியா நீதிமன்றம் அங்கே மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. இக்கேள்வி ஒரு வழக்காகவே வந்திருக்கிறது. கிறிஸ்தவ வழக்கறிஞர் விக்டோரியா ஜெயசீலி மார்ட்டின், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஷாரியா டிப்ளோமா பெற்று, கூட்டரசுப் பிரதேசத்தில் ஷாரியா வழக்கறிஞராக விண்ணப்பித்தார். முஸ்லிம் அல்லாதவர் என்பதால் அனுமதி கிடைக்கவில்லை. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2016இல் கூட்டரசு நீதிமன்றம் 3-2 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. இறைவாக்கை மூலமாகக் கொண்ட சட்டத்துக்கு நம்பிக்கையும் ஒரு தகுதியே என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் வழக்கறிஞர் தம் நம்பிக்கைக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. கட்சிக்காரரின் நியாயத்தை எடுத்துரைக்கவே வருகிறார். அதற்குக் கல்வியும் நேர்மையும் போதும் என்ற பக்கமே வலுவானது. சிவில் நீதிமன்றங்களுக்கான 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் எவரிடமும் மதத்தைக் கேட்பதில்லை.