வினைப்பயன் என்று சொல்லலாமா?

பணியின் பொருட்டு மேட்டூரில் குடியேறிய நம் சமூகக் குடும்பம் ஒன்று. அவ்வில்லத்தின் இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு இரு கண்களிலும் விழித்திரைப் புற்றுநோய். இடக்கண் அகற்றப்பட்டுவிட்டது. வலக்கண்ணைக் காக்கும் சிகிச்சை தொடர்கிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை சேலம் வழியாகச் சென்னை செல்கின்றனர். குழந்தைக்கு மயக்கம் கொடுத்துக் கண்ணைச் சோதித்து, தேவையெனில் லேசர் ஒளியால் கட்டியைச் சுட்டு அனுப்புகின்றனர்.

நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர் தாயிடம், "என்னம்மா செய்வது? முற்பிறவியில் யார் கண்ணையோ கெடுத்த வினை. அனுபவித்துத்தானே தீரவேண்டும்" என்றார். ஆறுதலாகக் கருதியே சொன்னார். அன்றுமுதல் அத்தாய் வழிபாட்டில் அமர்ந்தாலும் மனம் கூடாமல் கண்ணீர் வடிக்கிறார். வினைக்கொள்கையை உயிரெனப் போற்றும் நாம் இவ்வாறு சொல்லலாமா?

முதலில் நோயை அறிவோம். ஏறத்தாழ 15,000 முதல் 18,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தையைப் பற்றும் இந்நோய், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வெளிப்படுகிறது. பதின்மூன்றாம் குரோமோசோமில் உள்ள ஆர்பி1 என்னும் மரபணுவின் இரு படிகளும் பழுதுபடும்போது விழித்திரையில் கட்டி தோன்றுகிறது. இரு படிகள் பழுதாக வேண்டும் என்னும் கருத்தை 1971இல் அமெரிக்க மருத்துவர் நட்சன் வெளியிட்டார். இரு கண்களிலும் நோய் வந்தோருக்கு ஒரு படியின் பழுது கருநிலையிலேயே உள்ளது. ஆயினும் அவர்களுள் மிகப் பலரின் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. எனவே தாய் உண்டதோ, தந்தை செய்ததோ, கிரகணத்தில் வெளியே வந்ததோ காரணமன்று.

இனி நம் ஆகமத்தை நோக்குவோம். துன்பத்துக்கு அசாதா வேதனீய வினை காரணம் என்பது உண்மையே. ஆனால் எவ்வுயிர்க்கு எவ்வினை எப்பிறவியில் கட்டியது என்பதை முற்றும் அறிபவர் கேவலி ஒருவரே. அறியாத ஒன்றை அறிந்ததுபோல் உரைத்தல் வாய்மை விரதத்துக்கு இழுக்காகும். மேலும், வினை தனித்து நின்று பயன் தருவதில்லை. திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய நிமித்தங்கள் கூடியே உதயமாகிறது. மருந்தும் மருத்துவரும் நிமித்தங்களே. ஆதலால் "வினை, அனுபவி" என்று கைகட்டி இருப்பது நம் நெறியன்று. அது ஊழையே இறைவனாக்கும் ஆசீவகர் கூற்றுக்கு நெருங்கியது.

இதனினும் கூர்மையான ஒன்று உண்டு. அசாதா வேதனீயம் எவ்வாறு கட்டுகிறது? தனக்கோ பிறர்க்கோ துன்பம், சோகம், பரிதாபம், அழுகை ஆகியவற்றை உண்டாக்குதலால் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. அவ்வாறாயின், குழந்தையின் பழவினையைக் கற்பித்துத் தாயை அழவைத்தவர் தமக்குப் புதுவினையைத் தேடிக்கொண்டாரல்லரோ? உயிர்களிடத்து இரக்கமும் தானமும் பொறுமையும் சாதா வேதனீயத்துக்கு வாயில் என அடுத்த சூத்திரம் உரைக்கிறது. வினைக்கொள்கை நம் நடத்தையை அளக்கும் கோல். அயலார் துயரை அளப்பதற்கு அது தரப்படவில்லை.

அக்குடும்பத்துத் தந்தையை வேறோர் ஐயம் வருத்தியது. பேசவும் அறியாத குழந்தையின் கண்ணை எடுக்க ஒப்பமிட்டது இம்சையாகாதோ என்பதே அது. பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் இதற்கு விடை தந்துள்ளார். முனிவரின் கட்டியைக் கருணையோடு அறுக்கும் மருத்துவர் வலிக்குப் புறக்காரணமாயினும், அதனால் மட்டும் அவருக்குப் பாவம் பந்தமாவதில்லை என்கிறார். கண்ணிலிருந்து பார்வை நரம்பின் வழியே மூளைக்குப் பரவினால் இந்நோய் உயிரையே கொள்ளும். ஒரு கண்ணைத் தந்து உயிரைக் காத்த அக்கையெழுத்தில் கஷாயம் இல்லை. அன்பே இருந்தது.

பார்வை குறைந்தால் வாழ்வே குறைந்தது என எண்ணுதலும் தவறு. பண்டித சுக்லால் சங்கவி பதினாறாம் வயதில் பெரியம்மையால் இரு கண்களையும் இழந்தார். பின்னர்ப் பிறர் படிக்கக் கேட்டே கற்று, ஜைன தருக்க நூல்களைப் பதிப்பித்து, 1958இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார்.

நாம் செய்யத்தக்கவை பல. நால்வகைத் தானங்களுள் ஔஷத தானம் ஒன்று. வழிச்செலவுக்கு உதவலாம். சென்னையில் தங்க இடம் தரலாம். வீட்டில் மற்றக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். பசுங்குழந்தையின் கருமணியில், அல்லது அதன் புகைப்படத்தில், வெண்மை ஒளிர்ந்தால், "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று நாளைக் கடத்தாமல் உடனே கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லலாம். உரிய காலத்தில் கண்டால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கின்றனர்.

அவ்வீட்டுப் பாட்டியார் பல்லாண்டுகளாக இரவுணவு நீத்தவர். காலையில் மயக்கம் கொடுக்கும் நாளில், ஆறு மணி நேரத்துக்கு முன்பே குழந்தைக்குப் பால் புகட்டிவிட வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. சென்னையில் தங்கும் இடத்தில் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு அவரே எழுந்து, பால் காய்ச்சி, பேத்தியை எழுப்பிப் புகட்டுகிறார். தாம் ஒரு துளி நீரும் அருந்துவதில்லை. தம் விரதத்தைத் தம்மளவில் வைத்துக் குழந்தைக்கு வேண்டியதைக் குழந்தைக்குத் தந்த அப்பாட்டியார், வினை பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. நாமும் அவ்வீட்டுக்குச் செல்வோம். உதவி செய்வோம். வினை பற்றிய பேச்சை வாசலுக்கு வெளியே விட்டுச் செல்வோம்.